தலைமேல் வைத்த கை

சத்தியம் வாங்கச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல வேண்டிய இடம் வரும்போது எனக்கு வாய் வராமல் போகலாம். பெற்ற பிள்ளையின் தலைமேல் கை வைத்துச் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் நான்தான். ஊர்க்கவுண்டர் கற்பூரம் போதும் என்றார். நான் போதாது என்றேன்.

என் பெயர் அன்னமேரி. வீடு கணியம்பாடியில். பதினொரு வருஷமாக இரண்டு பஸ் மாறி ஜமுனாமரத்தூருக்கு ஏறி இறங்குகிறேன். அங்கே சந்தைத் தெருவுக்குப் பின்னால் எங்கள் அமைப்புக்கு ஓர் அறை இருக்கிறது. பெண்கள் ஆலோசனை என்று போர்டு மாட்டினால் ஒருத்தியும் படியேற மாட்டாள் என்பதால் 'தையல் பயிற்சி' என்று எழுதி வைத்திருக்கிறோம். உள்ளே மூன்று தையல் மிஷின், ஒரு பெஞ்சு, கதவுக்கு உள்பக்கம் பெரிய தாழ்ப்பாள். புருஷனிடம் அடிபட்டு வருகிறவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அவளாகப் பேசும்வரை சும்மா இருப்பதுதான் இந்த வேலையில் முதல் பாதி. சும்மா இருப்பது எனக்கு லேசில் வராது. எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். என் வீட்டுக்காரர் சந்தியாகு, "நீ ஆறுதல் சொல்றியா, அதட்டுறியா?" என்று கேட்பார்.

பாஞ்சாலை முதன்முதலில் வந்தது ஓர் ஆடி மாசம். இருபத்தாறு வயசு. இடது மணிக்கட்டு உடைந்து, பச்சிலைக் கட்டுப் போட்டு, அதன்மேல் புடவை முந்தானையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். அரை மணி நேரம் பேசவில்லை. பிறகு தையல் மிஷினைப் பார்த்து, "இது ஒத்தக் கையால தெக்க முடியுமாக்கா?" என்று கேட்டாள். எனக்கு அந்த ஒரு கேள்வியிலேயே அவளைப் பிடித்துப்போயிற்று.

அடித்தவன் அவள் புருஷன் சக்திவேல். மலையூர்களுக்கும் ஜமுனாமரத்தூருக்கும் நடுவே ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டுகிறவன். பஸ் வராத நேரத்தில் அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அவன்தான் கதி. பிரசவ வலி எடுத்தவளை ஏற்றிக்கொண்டு அந்தக் குண்டுங்குழியுமான பாதையில் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போய்ச் சேர்ப்பான், ஒரு பைசா வாங்க மாட்டான். சிரித்த முகம். அவன் பேரில் புகார் என்றால் சாட்சி சொல்ல ஊரில் ஈ காக்கை வராது. சரி, சாட்சி இல்லாவிட்டால் போகிறது, மணிக்கட்டு இருக்கிறதே, வா கீழே மகளிர் காவல் நிலையத்துக்கு என்றேன். பாஞ்சாலை எழுந்து நின்றுவிட்டாள்.

"போலீசெல்லாம் வேணாங்க்கா. போலீசுன்னு போனா ஊர்ல தீத்து வுட்ருவாங்க. தீத்து வுட்டா கொயந்த அவுங்க வூட்டோட போய்டும்."

அவர்கள் ஊர் வழக்கம் அது. கல்யாணத்தைத் தீர்த்துக்கொண்டு போகிறவள் கட்டின புடவையோடு போகலாம். பிள்ளை அப்பன் வீட்டுக்கு. சட்டம் வேறு மாதிரி சொல்கிறது என்று நான் எடுத்துச் சொன்னேன். சட்டம் மலை ஏறி வருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கல்பனாவுக்கு அப்போது ஏழு வயசு. கல்பனாவை விட்டு அவள் எங்கேயும் வரமாட்டாள். அவள் சொன்னதில் எனக்குப் புரிந்தது அவ்வளவுதான், அதற்கு மேல் யோசிக்கிற பொறுமை எனக்கு இல்லை.

எனக்கு ஒரு யோசனை வந்தது. கோர்ட்டில் துணிந்து பொய் சொன்ன ஆட்கள், அந்த ஊர்க் காளியாத்தா முன்னால் சத்தியம் செய் என்றதும் வியர்த்துப் பின்வாங்குவதை நான் ஒரு நிலத்தகராறில் பார்த்திருக்கிறேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் கோயிலுக்குப் போகிறவள், அதாவது எங்கள் மாதா கோயிலுக்கு. ஆனால் அவனுக்கு நம்பிக்கை இருக்கிறதே, அதை வைத்தே அவன் கையைக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஊர்க்கவுண்டர் கருப்பனைப் போய்ப் பார்த்தேன். பஞ்சாயத்து பேசுவதும் அவர்தான், ஆத்தாவுக்குப் பூசை வைப்பதும் அவர்தான்.

"கற்பூரம் ஏத்தி அணைக்கச் சொல்றம்மா. அது போதும்," என்றார்.

"போதாது கவுண்டரே. அவன் கல்பனா தலைமேல கை வெச்சு சொல்லணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "புள்ள தலை எதுக்கும்மா?" என்றார். நான் விடவில்லை. அவனுக்கு இந்த உலகத்தில் பிரியம் என்று ஒன்று இருந்தால் அது அந்தப் பிள்ளை மேல்தான், அங்கே கட்டினால்தான் கட்டு நிற்கும் என்று விளக்கினேன். பெரிய கெட்டிக்காரி மாதிரி விளக்கினேன்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆத்தா கல்லுக்கு முன்னால் ஊரே நின்றது. கல்பனாவுக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னியிருந்தார்கள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. சக்திவேல் அவள் உச்சியில் கை வைத்தபோது அவன் முகம் வெளுத்துவிட்டது, நான் கண்ணால் பார்த்தேன். "இனிமே பாஞ்சாலைய நான் அடிச்சா, எம்புள்ள தலைல ஆத்தா கேக்கட்டும்," என்றான். கல்பனா, "கூசுதுப்பா," என்று நெளிந்து சிரித்தாள். எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! வேலூரில் நடந்த ஒரு பயிற்சிக் கூட்டத்தில் இதை எழுந்து நின்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு பாஞ்சாலை சந்தை நாள்தோறும் அறைக்கு வந்தாள். மணிக்கட்டு கூடிய பிறகு, மகளிர் குழு நடத்துகிற சாமை மில்லில் அவளைச் சேர்த்துவிட்டேன். சாமையைத் தீட்டி, உமி போக்கி, கல் பிரித்துச் சாக்கில் கட்டுகிற வேலை. மிஷினை அவள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். பெல்ட் நழுவினால் மெக்கானிக்குக் காத்திருக்காமல் தானே மாட்டினாள். நான் எல்லோரிடமும் அவளைக் காட்டி, "பாத்தீங்களா என் பாஞ்சாலைய?" என்று பெருமையடித்துக்கொண்டேன். ஒவ்வொரு சந்தை நாளும் கேட்பேன்.

"அடிக்கிறானா?"

"இல்லக்கா."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். எனக்கு அதுவும் சந்தோஷமாகவே இருந்தது. தயங்காமல் சொல்கிறாள், அப்படியென்றால் உண்மை என்று நினைத்தேன். பதினொரு வருஷ அனுபவம்!

கார்த்திகைக்கு மேல் அவள் சாக்கு தூக்க வரவில்லை. உட்காரும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். மில்லுக்கு வாரத்தில் இரண்டு நாள் மட்டம் போட்டாள். நான் அவளைத் திட்டினேன். "உனக்காக ஊரையே கூட்டி சத்தியம் வாங்கிக் குடுத்தேன். நீ என்னடான்னா வேலைக்கு டிமிக்கி குடுக்குற," என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "நாளைலேர்ந்து வர்றேங்க்கா," என்றாள். இப்போது நினைத்தால் என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போலிருக்கிறது.

பொங்கல் கழிந்த ஒரு நாள் அவள் அறை வாசலில் வந்து நின்றது ஞாபகம் இருக்கிறது. சந்தை நாள் இல்லை, ஏன் வந்தாள் என்று தோன்றிற்று. நான் போனில் யாரோடோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். இரு என்று கையைக் காட்டினேன். போனை வைத்துவிட்டுப் பார்த்தால் ஆள் இல்லை.

மாசியில், புளி உலுக்குகிற சமயம். மில்லில் வேலை செய்துகொண்டிருந்தவள் மூச்சு வாங்க முடியாமல் சாக்குமேல் சரிந்தாள் என்று ஆட்கள் வந்து சொன்னார்கள். ஒரு கார் பிடித்துக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். சின்ன வயசு டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினாள். விலா எலும்பில் நாலு இடம். ஒன்று புதுசு. இரண்டு பாதி கூடினவை. ஒன்று நன்றாகவே கூடிவிட்டது.

"இது ஒரே நாள்ல ஆனது இல்லீங்க. நாலும் நாலு சமயம்," என்றாள்.

நான் கட்டிலருகே போனேன். பாஞ்சாலை நான் கேட்பதற்கு முன்பே, "புளியமரத்துலேர்ந்து வுழுந்துட்டங்க்கா," என்றாள்.

"நாலு தடவையா?"

"நாலு தடவ."

"புளியமரம் ஏறுறது ஆம்பளைங்க வேலை. கார்த்திகையில எந்த மரத்துல புளி இருக்கு? அவன் அடிச்சிருக்கான். சத்தியத்த ஒடச்சு…"

முடிக்கவில்லை. அவள் அந்த வலியோடு எழுந்து என் வாயைப் பொத்தினாள். ஊசி குத்தியிருந்த கை அது, குழாய் இழுபட்டு ரத்தம் வந்தது. "சொல்லாத. சொல்லாதக்கா. காதுல வுழும்," என்றாள். அவள் கண்ணில் இருந்த பயம் சக்திவேலைப் பற்றியது இல்லை. அந்த அளவு பயத்தை நான் எந்தப் பெண்ணிடமும் பார்த்ததில்லை.

"யார் காதுலடி?"

"ஆத்தா காதுல."

அப்புறம் என் காதோடு வாயை வைத்து, காற்றுக்குக்கூடக் கேட்காதபடி சொன்னாள். அவன் அடித்தான் என்று அவள் வாய் திறந்து சொன்னால் சத்தியம் உடைந்ததாகிவிடும். உடைந்தால் ஆத்தா கேட்பாள். கேட்பது அவனை இல்லை. கல்பனாவை.

"அடிக்கிறது அவன் கை. தலை எம்புள்ள தலையாச்சேக்கா. நான் சொல்லாத வரிக்கும் அது ஒடையல."

சத்தியம் செய்த முதல் இரண்டு மாசம் அவன் நிஜமாகவே அடிக்கவில்லையாம். ஐப்பசியில் சாமைக்கட்டுச் சுமந்து வந்த அன்றைக்கு என்னவோ பேச்சு வந்து உதைத்துவிட்டான். உதைத்துவிட்டு அவனே பயந்துபோய் ஓடிப்போய்ப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தானாம். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. பாஞ்சாலை வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து அவனுக்கு விளங்கிவிட்டது. பதினொரு வருஷம் இதே வேலையாக இருக்கிற எனக்கு விளங்காதது அவனுக்கு ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது. அதன் பிறகு அடிக்கும்போதெல்லாம் அவனே சொல்வானாம்: போ, போய் உன் தையல் டீச்சர்கிட்ட சொல்லு, உன் புள்ள தலைதான் போகும்.

"பொங்கலுக்கு அப்பால தாங்க முடியாம சொல்லிர்லாம்னு வந்தன். நீ போன்ல பேசிகினு இருந்த. வாசப்படிலயே திரும்பிட்டன். அன்னிக்கே கல்பனாவுக்கு ஜொரம். பதினாலு நாளு. மஞ்சக்காமாலைன்னாங்க. எனக்குத் தெரியும் அது இன்னான்னு."

என் வாய் சும்மா இருக்குமா? காமாலை தண்ணீரால் வருவது, அந்த மாசம் மலையில் எத்தனை பிள்ளைகளுக்கு வந்தது என்று எனக்கே தெரியும் என்று பேச ஆரம்பித்தேன். "எந்தச் சாமியும் கொழந்தையத் தண்டிக்காது பாஞ்சாலை. அப்படித் தண்டிச்சா அது சாமியே இல்ல," என்றேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"அப்ப எதுக்குக்கா புள்ள தலைல கை வெக்கச் சொன்ன?"

வார்டுக்கு வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்று அழுதேன். அவளுக்காக அழுதேனா, என் கெட்டிக்காரத்தனம் போனதற்காக அழுதேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

டாக்டரம்மா வெளியே வந்து, இன்னும் ஒரு உதை அதே பக்கம் விழுந்தால் எலும்பு நுரையீரலில் ஏறிவிடும், அப்புறம் மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வருவதற்குள் ஒன்றும் மிஞ்சாது என்றாள். போலீசுக்குத் தகவல் அனுப்பினாள். பெண் போலீஸ் ஒருவர் வந்து பொறுமையாகத்தான் கேட்டார். பாஞ்சாலை மூன்று தடவையும் புளியமரம் என்றாள். அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். வீட்டுக்குத் திரும்பிப் போகாதே என்று நான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். பிள்ளை அங்கே இருக்கிறதே, போகாமல் என்ன செய்வாள்?

மறுநாள் நான் கருப்பன் கவுண்டரிடம் போனேன். என்னிடம் பாஞ்சாலை வாக்கு வாங்கியிருந்தாள், அவன் அடித்தான் என்று என் வாயிலிருந்தும் வரக்கூடாது. அதனால் சுற்றி வளைத்துக் கேட்டேன். "கவுண்டரே, ஒரு பிள்ளை தலைமேல வெச்ச சத்தியத்த எடுக்க வழி உண்டா?"

அவர் கொல்லையில் புளிக்குக் கோது எடுத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"யாரு சத்தியம்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா நீ சொல்லணும். சொன்னா வுழும்," என்றார். அப்புறம் ஒரு கோதை எறிந்துவிட்டு, "கற்பூரம் போதும்னனேம்மா அன்னிக்கு," என்றார். அதற்கு அவர் என்னை அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

வழி ஒன்று இருந்தது. வைத்த சத்தியத்தை அழிக்க முடியாது, தலையை மாற்றலாம். வேறு ஒருவர் மனசார முன்வந்து ஆத்தா முன்னால் தன் தலையைக் கொடுத்தால், பிள்ளை தலையிலிருந்து அது இறங்கி இந்தத் தலைமேல் ஏறிக்கொள்ளும். தன் வாழ்நாளில் ஒரு தடவைதான் நடந்து பார்த்திருக்கிறாராம். கொடுத்தவன் என்ன ஆனான் என்று நான் கேட்டேன். "எல்லாரும் ஆவுறதுதான் ஆனான்," என்றார் கவுண்டர்.

அவ்வளவுதானே என்றிருந்தது எனக்கு. நம்பாதவளுக்குத் தலை கொடுப்பது ஒரு வேலையா? மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கின மாதிரி பஸ் ஏறினேன்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் பாஞ்சாலையை அனுப்பிவிட்டார்கள். சக்திவேல் ஜீப்புக்குப் பிரேக் வேலை என்று வேலூர் போயிருந்தான், அதைத் தெரிந்துகொண்டுதான் தலை மாற்றுவதை அன்றைக்கே வைத்தோம். மத்தியான வெயில். கவுண்டர் ஆளனுப்பிக் கல்பனாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரச் செய்தார். ஆத்தா கல்லுக்கு முன்னால் நாங்கள் நாலு பேர்தான். பிள்ளைக்கு முன்பல் முளைத்திருந்தது. அம்மாவைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தது, பாஞ்சாலை விலாவில் படாமல் அதைக் கையால் தடுத்துக்கொண்டு முத்தம் கொடுத்தாள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போய், "என் தலைமேல மாத்திக்கிறேன் கவுண்டரே," என்றேன். கடையில் சாமான் கேட்கிற மாதிரி கேட்டேன்.

கவுண்டர் கற்பூரத்தை எடுத்தார். பாஞ்சாலை அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உன் தலை வேணாங்க்கா."

"ஏன்?"

"உனக்கு இதுல நம்பிக்க இல்ல. உனக்கு பயமே இல்ல. பயமில்லாத தலைய வெச்சு ஆத்தாவ ஏமாத்த சொல்றியா? ஏமாத்துனா கேக்கறது எம்புள்ளயத்தான்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "ஜோபின் தலைய குடு."

ஜோபின் என் மகன். ஒரே மகன். வேலூரில் காலேஜ் படிக்கிறான். பாஞ்சாலைக்கு அவனைத் தெரியும், ஒரு தடவை தையல் மிஷினை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிக் கொடுத்திருக்கிறான்.

"அவன் இங்க இல்லையே," என்றேன்.

"போன்ல போட்டோ கீதில்ல. அதும்மேல கை வெய்யி. நம்பாதவளுக்கு இன்னாக்கா?"

போனை எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கோபத்தோடுதான் எடுத்தேன். இதோ பார், இது வெறும் கல், இது வெறும் போட்டோ என்று காட்டிவிடுகிற வேகம். படத்தைத் திறந்தேன். புது பைக்கில் உட்கார்ந்து ஜோபின் சிரித்துக்கொண்டிருந்தான். தலையில் ஹெல்மெட் இல்லை. படம் எடுக்க வேண்டுமென்று கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

என் கை அந்தக் கண்ணாடிக்கு மேலே வந்து நின்றுவிட்டது. ஓர் அங்குலம்தான் இருக்கும். நான் சொன்ன காமாலைக் காரணம், சட்டம், எந்தச் சாமியும் குழந்தையைத் தண்டிக்காது என்றது எல்லாம் ஞாபகத்தில் இருக்கிறது. வேலூர் ரோட்டில் போகிற லாரிகளும் ஞாபகத்துக்கு வந்தன. கல்பனா என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையின் தலையை இதே இடத்தில், இதே வெயிலில், நான் எவ்வளவு சுலபமாகக் கேட்டு வாங்கினேன்! கற்பூரம் போதும் என்றவரிடம் வாதாடி வாங்கினேன். கை இறங்கவில்லை. மாதாவே என்று சொன்னேனோ என்னவோ.

"முடியல பாஞ்சாலை," என்றேன். "என்னால முடியல."

அவள் கெக்கலிக்கவில்லை. கிட்டே வந்து என் கையிலிருந்து போனை மெதுவாக வாங்கி, படத்தை அணைத்து, என் பைக்குள்ளேயே போட்டாள். என் கை ஜில்லிட்டிருந்ததைத் தேய்த்துவிட்டாள்.

"இப்ப தெரிஞ்சுதாக்கா," என்றாள். "ஆறு மாசமா எனக்கு இதான்."

பிறகு, "இப்ப உன் தலைய குடு. இப்ப செல்லும்," என்றாள்.

நான் மண்டிபோட்டேன். முழங்காலில் சரளை குத்திற்று. கவுண்டர் கற்பூரம் ஏற்றினார். பாஞ்சாலை ஒரு கையைக் கல்பனாவின் உச்சியில் வைத்து, அதை எடுத்து, என் உச்சியில் வைத்தாள். கவுண்டர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். இந்தப் புள்ள தலைல கீறது என் தலைல ஏறட்டும், கேக்கறத என்னைக் கேக்கட்டும். கழுத்தில் என் சிலுவைச் சங்கிலி கிடந்தது, அதை உள்ளே போட்டுக்கொள்ளவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. எனக்கு பயமாக இருந்தது. நிஜமாக பயந்தேன். அதை மறைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

கற்பூரம் அணைந்ததும் பாஞ்சாலை மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, "பசிக்குதும்மா," என்றது. அதற்கப்புறம் அவள் கவுண்டரைப் பார்த்து வாய் திறந்தாள்.

"சாமைக்கட்டு தூக்கினு வந்த அன்னிக்கு உதைச்சான். தீபத்தன்னிக்கு களி கட்டி தட்டிச்சின்னு உலக்கையால அடிச்சான். பொங்கலுக்கு மறுநா…"

உள்ளேயே போட்டு அழுத்தியிருந்தது எல்லாம் வந்தது. எந்த நாள், எந்த வேளை, எதனால், எந்தப் பக்கம். அவள் ஒன்றையும் மறந்திருக்கவில்லை. குரல் ஏற ஏற மூச்சு முட்டிற்று, விலாவைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று சொன்னாள். பிள்ளையை அப்பால் கூட்டிப்போகட்டுமா என்று நான் கேட்டேன். "அது எல்லாம் பாத்துகினுதான் இருந்திச்சி," என்றாள். கருப்பன் கவுண்டர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு கேட்டார். மறுநாள் அவரே எங்களோடு பஸ் ஏறிக் கீழே வந்து, இவள் ஆத்தா முன்னால் சொன்னாள், என் காதால் கேட்டேன் என்று காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டார். பிள்ளை தாயோடுதான் இருக்க வேண்டும் என்று ஊரிலும் சொல்லிவிட்டார். அந்த ஊரில் அப்படி ஒரு பேச்சு அதுவரை யாரும் பேசியதில்லை.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. நல்லபடியாக முடிந்தது என்று யாராவது நினைத்தால், முடியவில்லை. சக்திவேல் இருபது நாள் உள்ளே இருந்தான். ஜாமீனில் வந்தவன் மறுபடி ஜீப் ஓட்டுகிறான். ஜனங்கள் மறுபடி ஏறுகிறார்கள், வேறு வண்டி இல்லை. பாஞ்சாலையை அவன் நெருங்கக்கூடாது என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. மில்லுக்கு முன்னால் வரும்போது மட்டும் ஜீப்பை மெதுவாக ஓட்டிக்கொண்டு போகிறான். அவள் ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் அவளோடு பேசுவதில்லை. கல்பனா சில நாள் அப்பா எப்ப வரும் என்று கேட்டு அழுகிறது. பாஞ்சாலையால் இனிமேல் சாக்கு தூக்க முடியாது.

ஆனாலும் மில் சாவி இப்போது அவளிடம்தான் இருக்கிறது. மில்லுக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறையில் தாயும் மகளும் இருக்கிறார்கள். புதுசாக வருகிற பெண்களுக்கு மிஷின் சொல்லித்தருவது அவள்தான், பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பதும் இப்போது பெரும்பாலும் அவள்தான். என்னைவிட அவளுக்குச் சும்மா இருக்கத் தெரிகிறது. அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி கோர்ட்டில் அவள் சாட்சி சொல்ல வேண்டும். வக்கீல், இந்த ஒரு நாள் உறுதியாக நின்றால் போதும், அவன் உள்ளே போய்விடுவான் என்கிறார்.

எனக்குத் தைமாசத்திலிருந்து தலைவலி. வலது பக்கம், காதுக்கு மேலே. காலையில் பஸ்ஸில் ஏறும்போது ஆரம்பித்தால் மலை ஏறி முடிவதற்குள் கண்ணைத் திறக்க முடியாது. ஸ்கேன் எடுத்ததில் ஒன்றும் இல்லை, வயசு, அலைச்சல் என்றார்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். காமாலை தண்ணீரால் வருகிறது, தலைவலி அலைச்சலால் வருகிறது. சந்தியாகுவிடம்கூட ஸ்கேன் எடுத்ததைச் சொல்லவில்லை. மாத்திரையைப் பையின் உள்பக்கம் வைத்திருக்கிறேன்.

போன சந்தை நாள் அறைக்குள் நுழைந்தேன். ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அறைந்தது. பாஞ்சாலை ஒரு புதுப் பெண்ணுக்கு டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். செம்பை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். வாரம் தவறாமல் பார்ப்பாள், வாரம் தவறாமல் கேட்பாள்.

"தலை வலிக்குதாக்கா?"

வலிக்கிறது என்று நான் சொன்னால் அவள் பதினெட்டாம் தேதி கோர்ட் படி ஏற மாட்டாள். புளியமரத்திலிருந்து விழுந்தேன் என்பாள்.

"இல்ல," என்றேன், அவள் கேட்டு முடிப்பதற்குள்.